கிட் போட்ட பிறகும் ஐடிலிங் சீராக நிற்கவில்லையா? ஸ்க்ரூவை அப்புறம் தொடலாம்

கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, புதுக் கிட் (பேக்கிங், ஜெட், வாஷர் எல்லாம் அடங்கிய பாக்கெட்) போட்டு, பளபளவென்று மாட்டியாகிவிட்டது. வண்டி ஸ்டார்ட்டும் ஆகிறது. சோக்கை உள்ளே தள்ளியதும் நாலு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோகிறது. இல்லையென்றால் அணையவே மாட்டேன் என்று 1500 ஆர்.பி.எம்.-ல் நின்று கத்துகிறது. கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்குப் பழைய கார்க்காரர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்வார்கள், கார்புரேட்டரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு. "ஏனுங்ணா, கிட்டு போடறதுக்கு முன்னாடியே தேவலைங்க. ஓட்டறப்ப ஒண்ணும் தெரியறதில்லை, சிக்னல்ல நிறுத்துனா நின்னுக்குது" என்றார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஓட்டும்போது த்ராட்டில் திறந்திருக்கும், காற்று ஏராளமாக உள்ளே போகும். அதில் கொஞ்சம் திருட்டுக் காற்று கலந்தாலும் இன்ஜினுக்குத் தெரியாது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை விட்டு இன்ஜின் சும்மா ஓடும்போது, அப்படியில்லை. காற்றுப் பாதையை மூடித் திறக்கும் பட்டர்ஃபிளை பிளேட் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதன் ஓரத்தில் நுழையும் துளிக் காற்றும், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை வழியாக வரும் பெட்ரோலும்தான் இன்ஜினை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில்தான் கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் பாதையான மேனிஃபோல்டில் உறிஞ்சும் வேகமும் அதிகம். தோட்டத்துக் கிணற்றில் சக்‌ஷன் பைப் ஜாயிண்ட் லேசாகக் காற்று இழுத்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் ஏறாதே, அதே கதைதான் இங்கேயும்.

அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள் என்பதுதான். கார்புரேட்டரில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் (வேகத்துக்கு ஐடிலிங் ஸ்க்ரூ, கலவைக்கு மிக்சர் ஸ்க்ரூ) சரியாக இருக்கிற ஒன்றை அளவுக்குக் கொண்டுவரத்தான் உதவும். வராத பெட்ரோலை வரவைக்கவோ, வரக்கூடாத காற்றை நிறுத்தவோ அவற்றால் ஆகாது. கிட் போட்ட பிறகு வரும் ஐடிலிங் கோளாறில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

நான் இங்கே சொல்வது பிரீமியர் பத்மினி காரின் 1089 சி.சி. இன்ஜினில் வரும் சோலெக்ஸ் 32 பிபிஐசி கார்புரேட்டரை மனத்தில் வைத்து. எங்கள் அப்புச்சி விட்டுப்போன பத்மினியில் இருப்பதும் அதுதான். ஜீப்பில் இதே வகை இருந்தால் எல்லாமே பொருந்தும். எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள பழைய அம்பாசடருக்கு பைலட் ஜெட் கிடையாது. அடியில் இருக்கும் ஜெட் நட்டும் மேலே ஏறி இறங்கும் பிஸ்டனும்தான் அங்கே கணக்கு. ஆனால் காற்றுக் கசிவு, ஸ்பிண்டில் தேய்மானம் பற்றிச் சொல்வதெல்லாம் அதற்கும் சேர்த்துத்தான்.

கார்புரேட்டரைக் குறை சொல்வதற்கு முன்

கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போது கை எங்கெங்கோ படும். பிளக் ஒயர் தளரும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் குழாய் இருந்தால் அது கழன்று தொங்கும், காயில் ஒயர் அரைகுறையாக நிற்கும். முதலில் ஒரு சுற்று இவற்றைப் பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் பத்மினிக்கும் அம்பாசடருக்கும் 1-3-4-2 தான். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. பக்கம், பிளக் இடைவெளி 0.6 மி.மீ. பக்கம் இருக்கட்டும். பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சரைச் சந்தேகப்படலாம். சூடேறிய பிறகு மட்டும் ஐடிலிங் கெடுவதற்குக் கண்டன்சரும் காயிலும் காரணமாவதுண்டு. பழி மட்டும் கார்புரேட்டர் மேல் விழும்.

அடுத்தது, ஆக்சிலேட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ராடோ கேபிளோ இழுத்துப் பிடித்திருந்தால் பட்டர்ஃபிளை முழுவதும் மூடாது. ஐடிலிங் ஏறியே நிற்கும். இது ஒரு நிமிட வேலை. ஆனால் இதைப் பார்க்காமலேயே கார்புரேட்டரைத் திரும்பக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் கைப்பிடி போட்ட பிளையர் வேண்டும், கழற்றிய ஒயரை இன்ஜின் பாடியோடு எர்த் பண்ணி வையுங்கள். ஒயரைக் கழற்றினால் இன்ஜின் தொய்ய வேண்டும். நான்கில் ஒன்றைக் கழற்றும்போது மட்டும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. கார்புரேட்டர் ஒன்று, சிலிண்டர் நான்கு. ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் கார்புரேட்டர் பட்டினி போடாது. அங்கே பிளக், டேப்பெட், வால்வ், கம்ப்ரஷன் என்று தேடுங்கள். மேனிஃபோல்டு தனியாக உள்ள அம்பாசடர் போன்ற வண்டிகளில் அந்தச் சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு பேக்கிங்கும் காரணமாக இருக்கலாம்.

உள்ளங்கைச் சோதனை

கருவி எதுவும் வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். வண்டியைச் சூடேற்றி, ஐடிலிங் நிற்காவிட்டால் ஒருவரை ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். இப்போது கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் மெதுவாக, பாதிவரை மூடுங்கள். தலையை மட்டும் அதற்கு நேராகக் கொண்டுபோக வேண்டாம், திருப்பி அடித்தால் புருவம் போய்விடும்.

பாதி மூடியதும் இன்ஜின் வேகம் ஏறி, ஓட்டம் சீரானால் கலவை லீன். காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. மூடத் தொடங்கியதுமே மூச்சுத் திணறி, சைலன்சரில் கறுப்புப் புகை தள்ளினால் ஏற்கெனவே ரிச். எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாக வருகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். லீன் என்றால் காற்றுக் கசிவும் பைலட் வழியும், ரிச் என்றால் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டும் சோக்கும். ஸ்க்ரூவை முதலில் திருகியவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. அவர்கள் திருகியதால் லீனா, அதற்கு முன்பே லீனா என்று யாரும் சொல்ல முடியாது.

வேக்யூம் கேஜ் வைத்திருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17-லிருந்து 21 அங்குலம் காட்டும் என்று புத்தகங்களில் இருப்பது கடல் மட்டத்துக்கு. கோவை 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முள் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

காற்று எங்கே நுழைகிறது

எண்ணெய்க் கேனில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது கார்புரேட்டர் அடியில் ஃபிளேஞ்ச் (நட்டு போடும் தட்டையான விளிம்பு) உட்காரும் இடத்தைச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் சொட்டு உள்ளே இழுபடும், ஒரு நொடி ஓட்டம் மாறும், கொஞ்ச நேரத்தில் பின்னால் நீலப் புகை எட்டிப் பார்க்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்தும் பார்க்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது பற்றும் சரக்கு, பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டரும் சூடான மேனிஃபோல்டும் இருக்கின்றன. என் ஓட்டு ஆயிலுக்குத்தான்.

ஃபிளேஞ்சில் கசிந்தால் உடனே நட்டை இன்னும் இறுக்கத் தோன்றும். அதுதான் வினையே. சோலெக்ஸ் பாடி துத்தநாகக் கலவையில் வார்த்தது. இரண்டு பக்கமும் நட்டை வலித்து வலித்து இறுக்கினால் காதுகள் இரண்டும் கீழே வளைந்து, நடுப்பகுதி மேலே எழும்பிவிடும். பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் நடுவில் காற்றுப் போகும். வருகிற பழைய கார்புரேட்டர்களில் ஃபிளேஞ்ச் நேராக இருப்பதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

பார்க்கும் விதம் எளிது. ஃபிளேஞ்சைத் துடைத்துவிட்டு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடையில் 0.05 மி.மீ. ஃபில்லர் கேஜ் நுழைந்தால் சரிசெய்ய வேண்டும். கனமான கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஃபிளேஞ்சை எட்டு எழுதுவது போலத் தேயுங்கள். அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். மார்க்கர் பேனாவால் முன்பே கோடுகள் போட்டுவைத்தால் எங்கே தேய்கிறது, எங்கே தேயவில்லை என்று தெரியும். கோடு எல்லாம் மறைந்ததும் நிறுத்துங்கள். கார்புரேட்டருக்கு அடியில் வரும் கறுப்பு பேக்கலைட் இன்சுலேட்டரையும் இதே மாதிரி பாருங்கள், அதுவும் வளையும், விரிசல் விடும். புதுக் கிட்டில் பேக்கிங் இருந்தது, இன்சுலேட்டரை மட்டும் பழையதையே போட்டேன் என்பவர்களுக்கு இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

மாட்டும்போது இரண்டு நட்டையும் மாறி மாறி, கால் சுற்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் வாஷர் படிந்ததும் இன்னும் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான்.

ஸ்பிண்டில்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எந்தக் கிட்டிலும் ஸ்பிண்டில் வராது. வந்தாலும் அது ஓடும் துளையை யாரும் கிட்டில் போட்டுத் தர முடியாது. பட்டர்ஃபிளை பிளேட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் பாடியில் இருக்கும் இரண்டு துளைகளில் நேரடியாகச் சுழல்கிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒரு திசையில் இழுத்துக்கொண்டே இருப்பதால் முப்பது நாற்பது வருஷத்தில் துளை வட்டமாகத் தேயாது, அந்தத் திசையில் மட்டும் நீள்வட்டமாகத் தேயும். அந்த இடுக்கு வழியாக, பட்டர்ஃபிளைக்குக் கீழே, எந்த ஸ்க்ரூவுக்கும் கட்டுப்படாத காற்று உள்ளே போகும்.

இதன் அடையாளம் ஒன்று உண்டு. ஐடிலிங் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். ஆக்சிலேட்டரை விட்டால் ஒருமுறை 700, அடுத்தமுறை 1100. ஸ்பிண்டில் ஒவ்வொரு முறையும் துளையில் வேறு வேறு இடத்தில் போய் உட்காருவதால் பிளேட்டும் வேறு வேறு அளவில் மூடுகிறது. ஃபிளேஞ்ச் கசிவு என்றால் கோளாறு மாறாமல் ஒரே மாதிரி இருக்கும். மாறிக்கொண்டே இருந்தால் ஸ்பிண்டிலைப் பாருங்கள். வண்டி ஓடும்போதே லிவரை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள் (சுழற்றுவதல்ல, ஆட்டுவது). இன்ஜின் சத்தம் அதோடு சேர்ந்து மாறினால் வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்பிண்டில் நுனியில் கனமான கிரீஸை அப்பிப் பார்த்தும் உறுதி செய்யலாம். கொஞ்ச நேரத்துக்கு ஐடிலிங் அழகாக நிற்கும். அதோடு விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கிரீஸ் உள்ளே போய்விடும், புழுதி வந்து ஒட்டும், அப்புறம் அரம் வைத்த மாதிரி தேய்க்கும்.

சரியான வைத்தியம், துளையைப் பெரிதாக்கி கன்மெட்டல் புஷ் போடுவது. இரண்டு துளையையும் ஒரே செட்டிங்கில், ஒரே ரீமரை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து முடிக்க வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாது, ஸ்பிண்டில் பிடிக்கும். துளையை அப்படியே விட்டுவிட்டு தடித்த ஸ்பிண்டில் மட்டும் போட்டால் நீள்வட்டத் துளையில் உருளை உட்கார்ந்த கதைதான், பாதிக் கசிவு அப்படியே இருக்கும்.

பிளேட்டைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களின் நுனி பின்பக்கம் அடித்து விரித்திருப்பார்கள். அந்த விரிவை அரத்தால் எடுக்காமல் கழற்றினால் ஸ்பிண்டிலின் மரை போய்விடும். திரும்ப மாட்டும்போது புது ஸ்க்ரூ, ஒரு சொட்டு திரெட் லாக்கர், நுனியில் லேசாக ஒரு தட்டு. இந்த ஸ்க்ரூ கழன்றால் வேறெங்கும் போகாது, நேராக இன்ஜின் வயிற்றுக்குத்தான்.

பட்டர்ஃபிளை பிளேட்டில் இன்னொரு சூட்சுமம். அது வட்டம் போலத் தெரிந்தாலும் ஓரம் சாய்வாகச் சீவியது, ஒரு விதமாகத்தான் உட்காரும். தலைகீழாகப் போட்டால் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் பிறை மாதிரி வெளிச்சம் தெரியும். ஐடிலிங் ஸ்க்ரூவை முழுக்கப் பின்னால் எடுத்துவிட்டு, பிளேட் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, லிவரை நாலு தடவை டக் டக்கென்று மூடவிடுங்கள். பிளேட் தானாக மையத்துக்கு வரும். அப்படியே பிடித்து இறுக்கிவிட்டு, டார்ச்சைக் கீழேயிருந்து அடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இருட்டாக இருக்க வேண்டும்.

பெட்ரோல் வரவில்லை என்றால்

காற்றுக் கசிவு இல்லை, ஆனாலும் லீன். சோக்கில் மட்டும் ஓடுகிறது, மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் சத்தம் மாறவில்லை. பைலட் வழி அடைத்திருக்கிறது.

கோவையில் ஷாட் பிளாஸ்டிங் செய்யும் இடத்துக்குப் பஞ்சமில்லை. பம்ப் பாடிக்கு அடிப்பது போலவே கார்புரேட்டருக்கும் அடித்துப் புதிது போலத் தந்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே பென்சில் முனை அளவு பாதைகளில் அந்த மணல் போய் உட்கார்ந்துவிடும். அடித்தே ஆகவேண்டும் என்றால் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆசிட்டில் முக்குவது இன்னும் மோசம், துத்தநாகம் வெந்து பொடியாகிப் பாதைக்குள்ளேயே படியும்.

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அதன் மேல் இருக்கும் எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. 45 என்றால் 0.45 மி.மீ. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை கீறிப் பெரிதாகும். தூண்டில் நரம்பு போதும், பிறகு கம்ப்ரசர் காற்று. பாடியில் இருக்கும் பாதைக்குக் கிளீனர் ஸ்ப்ரேயை ஜெட் துளையில் வைத்து அடியுங்கள். பட்டர்ஃபிளை ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டைகளிலும் மிக்சர் ஸ்க்ரூ துளையிலும் அது பீச்சிக்கொண்டு வரவேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது எப்போதும் கண்ணைத்தான் தேடி வரும்.

கிட்டில் வந்த ஜெட்டை நம்பி பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். எண் சரியாக இருக்கும், துளை சரியாக இருக்காது. உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைக்கும் தேய்ந்த கார்புரேட்டரில் இருக்கும் பழைய ஜெட் பல நேரம் புதியதைவிட நன்றாக இருக்கிறது. மூடி பேக்கிங்கும் அப்படித்தான். பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பழையதில் இருக்கும் துளை புதியதில் இல்லையென்றால் பிளேடால் வெட்டி எடுங்கள்.

மிக்சர் ஸ்க்ரூவின் கூர்முனையையும் பாருங்கள். யாரோ ஒருவர் எப்போதோ கடைசிவரை இறுக்கியிருந்தால் முனையைச் சுற்றி ஒரு வளையம் பதிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நுணுக்கமாக எதையும் அளவு வைக்க முடியாது, மாற்றுங்கள்.

பெட்ரோல் அதிகம் வந்தால்

ஐடிலிங் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது, பிளக் கரியாக இருக்கிறது, பெட்ரோல் நாற்றம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஐடிலிங்கில் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். மெயின் நாசிலிலிருந்து சொட்டுகிறதா? ஐடிலிங்கில் அது காய்ந்திருக்க வேண்டும். சொட்டினால் ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கிறது. சோலெக்ஸில் நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமன்தான் மட்டத்தை முடிவு செய்கிறது. கிட்டில் வந்த வாஷர் பழையதைவிட மெல்லியதாக இருந்தால் வால்வ் மேலே ஏறும், மட்டமும் ஏறும். தடித்ததாக இருந்தால் மட்டம் இறங்கும். பழைய வாஷரைக் குப்பையில் போடும் முன் வெர்னியரில் ஓர் அளவு எடுத்து வையுங்கள். மட்டத்தைத் திருத்தவும் வாஷரைத்தான் மாற்ற வேண்டும்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கக்கூடாது. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் முக்குங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். பெட்ரோல் பம்புக்குப் பதில் எலக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தால் அதன் அழுத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கார்புரேட்டருக்கு மூன்று பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரம் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் அதைப் போல பத்து மடங்குக்கு மேல் தள்ளும், எந்த நீடிலும் தாங்காது.

சோலெக்ஸில் சோக் என்று நாம் இழுப்பது உண்மையில் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டார்ட்டர் தட்டு. அது தனிப் பாதையில் பெட்ரோலைத் திறந்துவிடும். கேபிளை இழுப்பாகக் கட்டிவிட்டால் தட்டு முழுக்கத் திரும்பாது, வண்டி எப்போதும் கொஞ்சம் சோக்கிலேயே ஓடும். டேஷ்போர்டில் நாபை முழுக்க உள்ளே தள்ளிய நிலையில் கேபிளில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருக்க வேண்டும்.

இப்போது ஸ்க்ரூ

இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்க்ரூ வேலை ஐந்து நிமிடம். இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டு, தொட்டதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்பி 800 பக்கம் நிறுத்துங்கள். பிறகு மிக்சர் ஸ்க்ரூவை கால் சுற்று கால் சுற்றாக வெளியே எடுத்து, வேகம் மிக அதிகமாகும் இடத்தைக் காதால் பிடியுங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சில நொடிகள் பொறுங்கள், இன்ஜின் உடனே பதில் சொல்லாது. வேகம் ஏறினால் ஐடிலிங் ஸ்க்ரூவால் திரும்ப 750-க்கு இறக்குங்கள். மறுபடி மிக்சர். இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் ஒத்துப்போகும்.

பைக் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்.எக்ஸ். 100, பழைய புல்லட் மாதிரி வண்டிகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, உள்ளே விட்டால் ரிச். சோலெக்ஸில் நேர்மாறு. உள்ளே விட்டால் லீன், வெளியே எடுத்தால் ரிச்.

ஐடிலிங் ஸ்க்ரூவை நிறைய உள்ளே விட்டால்தான் வண்டி அணையாமல் ஓடுகிறது, அந்த நிலையில் மிக்சர் ஸ்க்ரூ வேலையே செய்யவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டர்ஃபிளை அதிகம் திறந்து, ஓட்டத்துக்கு என்று இருக்கும் துளைகள் வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொண்டிருக்கிறது. பைலட் வழி சரியில்லை. மேலே போய் மீண்டும் பாருங்கள்.

மிக்சர் ஸ்க்ரூ இரண்டரைச் சுற்றுக்கு மேல் வெளியே வந்தும் இன்னும் வேண்டும் என்று கேட்டால் இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் பழைய அளவு ஜெட்டில் கலவை ஏழெட்டு சதவீதம் லீன் பக்கம் போய்விடும். 45 இருந்த இடத்தில் 50 பைலட் ஜெட் போட்டு நான் பலருக்குச் சரிசெய்திருக்கிறேன். பழைய ரப்பர் ட்யூபும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் உப்பிப்போகும், அவற்றையும் பாருங்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியானால் டேங்க்கின் அடியில் ஒட்டியிருந்த துருவும் பிசினும் கரைந்து, கழுவிய கார்புரேட்டருக்கே வந்து சேரும். ட்யூபில் ஒரு ஃபில்டர் அவசியம்.

லீனா என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ஊட்டிக்கு ஒரு தடவை போய்வரலாம், நீலகிரி பக்கத்தில்தானே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் குலுக்கிய வண்டி 2200 மீட்டர் உயரத்தில் மணி அடித்தாற்போல் ஐடிலிங் நின்றால், கீழே அது லீன். உயரம் போகப்போகக் காற்று மெலிந்து கலவை தானாக ரிச் ஆவதுதான் காரணம். மேலே போய்க் கறுப்புப் புகை விட்டால், அதற்காக ஊட்டியில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், இறங்கியதும் அழுவீர்கள்.

காலையில் நன்றாக இருந்து, மத்தியான வெயிலில் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் அணைந்தால் அது வேறு சங்கதி. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் சூட்டில் கொதிக்கிறது. பேக்கலைட் இன்சுலேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பேக்கிங்கில் உட்காரவைத்த வண்டிகளில் இது நிச்சயம். பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள், இரண்டு விரல் தள்ளிக் கட்டினாலே பாதி தீரும்.

ஸ்பிண்டில் வேலைக்கு எந்த லேத்துக்குக் கொண்டுபோனாலும் பாடியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழைய ஸ்பிண்டில், பட்டர்ஃபிளை பிளேட், லிவர், ரிட்டர்ன் ஸ்பிரிங் நான்கும் வேண்டும். பிளேட்டில் மேல்பக்கம் எது, லிவர் பக்கம் எது என்று கழற்றும் முன்பே ஆணியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். மிக்சர் ஸ்க்ரூவையும் ஜெட்டுகளையும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பட்டறைத் தரையில் 0.45 மி.மீ. ஜெட்டைத் தேட யாராலும் முடியாது.